ஊசி காட்டும் வடக்கும் உண்மை வடக்கும்

"திசைகாட்டியின் ஊசி எந்தத் திசையைக் காட்டும்?" என்று வகுப்பில் கேட்டால் நாற்பது கைகளும் ஒருங்கே உயரும். "வடக்கு" என்னும் விடையும் ஒரே குரலாக வரும். அவ்விடையைத் தவறென்று சொல்ல இயலாது. முற்றும் சரியென்றும் சொல்ல இயலாது. ஊசி வடக்கைக் காட்டுவதில்லை. வடக்குக்கு அருகில் ஓரிடத்தைக் காட்டுகிறது. அந்த 'அருகில்' எவ்வளவு என்பது ஊருக்கு ஊர் மாறும். ஆண்டுக்கு ஆண்டும் மாறும். சாரணியர் படையைச் சேர்ந்த நாங்கள் இவ்வாண்டு இதைக் குறித்துப் பலமுறை கூடிப் பேசினோம். அப்பேச்சில் எங்களுக்குள் உருவான கருத்தை இம்மலரின் வாயிலாகத் தோழியர்க்கும், அருட்சகோதரியர்க்கும், பெற்றோர்க்கும் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

இயற்பியல் நூலில் இதற்கு ஒரு பெயர் உண்டு: காந்த ஒதுக்கம். ஓரிடத்தில் புவியின் உண்மை வடக்குக்கும் காந்த வடக்குக்கும் இடையே உள்ள கோணமே காந்த ஒதுக்கம் எனப்படும். இதனை எழுதிவிட்டால் மதிப்பெண் கிடைத்துவிடும். நாங்களும் எழுதியிருக்கிறோம், மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறோம். ஆனால் இவ்வரையறையைப் பிழையின்றி எழுதும் மாணவியரில் எத்தனை பேர் கையில் திசைகாட்டியை ஏந்தி, ஒரு நிலப்படத்தைத் தரையில் விரித்து, "நாம் போகவேண்டிய வழி இதோ" என்று விரல் நீட்டக்கூடும்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் வீட்டுப் பாட்டிமார் சொல்வதில் பொருள் இல்லாமற் போகவில்லை.

முதலில் வடக்கு என்பது ஒன்றன்று என்பதைத் தெளிந்துகொள்ள வேண்டும். உலகம் தன்னைத்தானே சுற்றும் அச்சின் வட முனையை நோக்கியது உண்மை வடக்கு. துருவ நட்சத்திரம் அதற்கு ஒரு பாகைக்கும் குறைவான தொலைவில் நிற்கிறது. காந்த ஊசி நிலைகொள்ளும் திசை காந்த வடக்கு. நிலப்படத்தில் அச்சிட்ட கட்டக் கோடுகள் மேல்நோக்கிச் செல்லும் திசை மூன்றாவது வடக்கு. உருண்டையான உலகைத் தட்டையான தாளில் விரிக்கும்போது அக்கோடுகள் உண்மை வடக்கிலிருந்து சற்றே சாய்ந்துவிடுகின்றன. அமெரிக்க நில அளவையாளரின் பழைய படங்களில் இம்மூன்றையும் ஓரத்தில் மூன்று கோடுகளாக வரைந்து, உண்மை வடக்கின் தலையில் மட்டும் ஒரு நட்சத்திரம் இட்டிருப்பார்கள். நம் இந்திய நில அளவைத் துறையின் 'டோபோ ஷீட்' படங்களிலும் காந்த வடக்கு உண்மை வடக்கிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது, அது எந்த ஆண்டின் கணக்கு என்பதை ஓரத்தில் அச்சிட்டிருப்பது வழக்கம். அந்த ஆண்டைப் படிப்பவர்தாம் அரிது.

ஊசி வட காந்த துருவத்தை நேர்கோடாக நோக்கி நிற்கிறது என்று பலரும் எண்ணுகின்றனர். சில நூல்களிலும் அவ்வாறே காண்கிறது. அது சரியன்று. ஊசி, தான் இருக்கும் இடத்தில் புவியின் காந்தப் புலம் எத்திசையில் ஓடுகிறதோ அத்திசையில் நிற்கிறது, அவ்வளவே. அப்புலம் நம் காலடியில் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் ஆழத்திற்குக் கீழே, புவியின் வெளிக் கருவில் உருகிய இரும்பு ஓயாமல் புரண்டு ஓடுவதால் உண்டாவது. உருகிய பொருளின் ஓட்டம் ஒரு நிலையில் நிற்குமா? ஆகையால் அதன் புலமும் ஒரு நிலையில் நிற்பதில்லை.

இதை மனிதர் கண்டுகொண்ட வரலாறு எங்களை மிகவும் கவர்ந்தது. இலண்டன் மாநகரை எடுத்துக்கொள்வோம். 1580-இல் வில்லியம் பரோ என்பவர் தேம்ஸ் நதிக்கரையில் லைம்ஹவுஸ் என்னுமிடத்தில் அளந்தபோது ஊசி உண்மை வடக்கிலிருந்து கிழக்கே பதினொரு பாகைக்கு மேல் விலகி நின்றது. 1622-இல் எட்மண்ட் குண்டர் அளந்தார். ஏறத்தாழ ஆறு பாகையே இருந்தது. நாற்பது ஆண்டுக்கு முன் அளந்தவர் தவறிழைத்திருப்பார் என்று எண்ணி விடுவதே அந்நிலையில் எளிது. யார்தான் அவ்வாறு எண்ணமாட்டார்? 1634-இல் கிரெஷாம் கல்லூரியில் வானியல் பேராசிரியராய் இருந்த ஹென்றி ஜெலிபிராண்ட் மீண்டும் அளந்தார். நான்கு பாகை அளவே வந்தது. மூவரும் கவனமுள்ளவர்கள். மூன்று அளவுகளும் ஒரே பக்கமாகக் குறைந்துகொண்டே வருகின்றன. எனவே பிழை அளந்தவரிடம் இல்லை, மாறியது ஊசியின் திசையே என்று அவர் துணிந்து 1635-இல் நூலாக வெளியிட்டார். முன்னோர் அளவையும் மதித்து, தம் கண்ணையும் நம்பி, இரண்டும் முரண்பட்டபோது இரண்டுமே உண்மையாய் இருக்கக்கூடும் என்று எண்ணிப் பார்த்த அந்த நிதானத்தை நாங்கள் பெரிதாகக் கருதுகிறோம்.

அதன் பின் இலண்டன் ஊசி என்ன செய்தது? பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உண்மை வடக்கையே காட்டியது. பின் மேற்கே நகரத் தொடங்கி, 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஏறத்தாழ இருபத்து நான்கு பாகை மேற்கே போய் நின்றது. அங்கிருந்து திரும்பிற்று. 2019-ஆம் ஆண்டில் கிரீனிச் வழியே அது மறுபடியும் உண்மை வடக்கைக் காட்டியது. இடைப்பட்ட காலம் ஏறத்தாழ 360 ஆண்டுகள்! 2022 நவம்பரில் இன்னொரு வியப்பும் நிகழ்ந்தது. இங்கிலாந்தின் தென்கரையில் டார்செட் வட்டாரத்து லாங்டன் மேட்ராவர்ஸ் என்னும் சிற்றூரில் உண்மை வடக்கு, காந்த வடக்கு, படத்தின் கட்ட வடக்கு ஆகிய மூன்றும் ஒரே கோட்டில் கூடின. பிறகு அந்தக் கூடுமிடம் மெல்ல வடக்கே நகரலாயிற்று.

கடல் வழிகளிலும் இதே கதைதான். 1538-இல் லிஸ்பனிலிருந்து கோவாவுக்குக் கப்பலேறிய ஜோவாம் தே காஸ்த்ரோ வழியெங்கும் ஊசியின் விலக்கத்தை அளந்து குறித்துக்கொண்டே வந்தார். பிற்காலத்தில் இந்தியாவில் போர்ச்சுகீசிய அரசப் பிரதிநிதியாய் இருந்தவர் இவர். கப்பலின் பீரங்கி அருகில் இருந்தால் ஊசி தடுமாறுகிறது என்பதையும் அப்பயணத்தில் கண்டறிந்தார். எட்மண்ட் ஹாலி (வால் நட்சத்திரத்தால் நாம் அறிந்த அதே ஹாலிதான்) 1698 முதல் 1700 வரை 'பாரமோர்' என்னும் சிறு கப்பலில் அட்லாண்டிக் கடலைச் சுற்றி அளந்து, ஒரே அளவு விலக்கம் உள்ள இடங்களைக் கோடுகளால் இணைத்து 1701-இல் ஒரு படம் வெளியிட்டார். இயேசு சபைக் குரு அத்தனாசியுஸ் கிர்ச்சர், உலகின் பல மூலைகளில் இருந்த தம் சபையினர் அனுப்பிய அளவுகளைத் திரட்டிக் காந்தம் பற்றிய தம் பெருநூலில் சேர்த்தார். அந்நூலின் முதற்பதிப்பு 1641-இல் வெளிவந்தது. ஓரிடத்தில் இருந்துகொண்டு ஒருவரே அறிந்துவிடக்கூடிய செய்தியன்று இது.

நம் நாட்டிற்கும் இதில் பங்குண்டு. பம்பாய் கொலாபா வானாய்வகத்தில் காந்த அளவுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எடுக்கப்பட்டன. நகரில் மின்சார டிராம் வண்டிகள் வரவிருந்தன. வந்தால் மின்னோட்டம் ஊசிகளைக் கலைத்துவிடும். அப்போது அதன் இயக்குநராக இருந்த நானாபாய் மூஸ் கடலுக்கு அக்கரையில் அலிபாகில் புதிய ஆய்வகம் அமைத்தார். 1904 முதல் அங்கே அளவு நடந்து வருகிறது. தமிழகத்திலும் கோடைக்கானலில் காந்த அளவுகள் எடுக்கப்பட்டன. திருநெல்வேலியிலும் இந்திய புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் உண்டு. தென்கோடியை ஒட்டிக் காந்த நடுக்கோடு செல்வது இப்பகுதிக்கு ஒரு தனிச் சிறப்பு. அக்கோட்டில் தொங்கவிட்ட ஊசி மேலோ கீழோ சாயாமல் கிடையாக நிற்கும். அந்தக் காரணம் பற்றியே திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா, ராக்கெட் ஏவுதளத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அங்கிருந்த புனித மரிய மகதலேனாள் ஆலயத்தையும் ஆயர் இல்லத்தையும் ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா விஞ்ஞானிகளிடம் ஒப்படைக்க, 1963 நவம்பர் 21-ஆம் நாள் முதல் ராக்கெட் அங்கிருந்து மேலெழுந்தது. ஆலயம் அலுவலகமாயிற்று, பின்னர் அருங்காட்சியகமாயிற்று. சாய்வு வேறு, ஒதுக்கம் வேறு என்பதை அறிவோம். எனினும் இதைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை.

இனி, எங்கள் கருத்துக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களுக்கு வருவோம்.

"தமிழ்நாட்டில் காந்த ஒதுக்கம் ஒன்று அல்லது இரண்டு பாகை மேற்குத்தானே? அதற்கு இவ்வளவு ஆரவாரம் ஏன்?" என்பது முதல் வாதம். உண்மைதான். ஒரு பாகை பிசகினால் ஒரு கிலோமீட்டர் நடக்கும்போது ஏறத்தாழ 17 மீட்டர் விலகுவோம். அதனால் எவரும் காட்டில் தொலைந்து போகமாட்டார்கள். தில்லிக்குப் போனால் அது சற்றே கிழக்காகிறது. இடையில் எங்கோ ஒரு கோட்டில் விலக்கமே இல்லை. இந்தியாவில் பிறந்து இந்தியாவிலேயே நடக்கிறவருக்கு ஊசி பெரும்பாலும் உண்மையுள்ள தோழிதான். ஆனால் அதனாலேயே நாம் அவளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பப் பழகிவிடுகிறோம். இப்பள்ளியில் படித்த அக்காமார் எத்தனையோ பேர் கடல் கடந்து செவிலியராகவும் ஆசிரியராகவும் சென்றிருக்கிறார்கள். அவர்கள் சென்ற நாடுகள் யாவும் இவ்வளவு தாராளமானவை அல்ல.

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் உள்ள வாஷிங்டன் மாநிலத்தைப் பார்ப்போம். சியாட்டில் நகரமும் ரெய்னியர் பனிமலையும் உள்ள பகுதி அது. அங்கே ஊசி இன்று உண்மை வடக்கிலிருந்து ஏறத்தாழ 15 பாகை கிழக்கே நிற்கிறது. அக்காட்டில் ஒருத்தி நிலப்படத்தைப் பார்த்து, "என் கூடாரம் இங்கிருந்து நேர் கிழக்கே ஐந்து கிலோமீட்டர்" என்று அறிகிறாள் என வைத்துக்கொள்வோம். நேர் கிழக்கு என்றால் 90 பாகை. அவள் ஊசியின் வடக்கையே உண்மை வடக்கென்று கொண்டு, அதிலிருந்து 90 பாகை திரும்பி நடந்தால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 260 மீட்டர் தெற்கே விலகுவாள். ஐந்து கிலோமீட்டர் முடிவில் கூடாரம் அவளுக்கு வடக்கே ஒன்றேகால் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும். அடர்ந்த காட்டில், மாலை மங்கும் நேரத்தில், அது எத்தகைய தொலைவு என்பதை எண்ணிப் பாருங்கள்.

அவள் செய்ய வேண்டுவது ஒரு சிறு கழித்தல். ஊசியின் பூச்சியம் ஏற்கெனவே 15 பாகை கிழக்கே போய் நிற்கிறது. எனவே அங்கிருந்து கிழக்குக்கு மீதி 75 பாகைதான். திசைகாட்டியில் 75 வைத்து நடந்தால் கூடாரம் வந்துவிடும். விலக்கம் மேற்கே இருக்கும் நாட்டில் இதற்கு மாறாகக் கூட்ட வேண்டும். படத்திலிருந்து திசைகாட்டிக்குப் போகும்போது 'கிழக்கு என்றால் கழி. மேற்கு என்றால் கூட்டு'. இந்தச் சூத்திரம் எங்கள் படையில் நாங்களே அமைத்துக்கொண்டது. கிழக்குக்கும் கழித்தலுக்கும் ஓசை ஒத்திருப்பதால் மறக்காது.

ஆனாலும் சூத்திரத்தை மட்டும் நம்புவதை நாங்கள் ஒப்பவில்லை, காரணம் உண்டு. திசைகாட்டியால் ஒரு குன்றைக் குறிவைத்து, அந்த அளவைப் படத்தில் வரையும்போது கணக்குத் தலைகீழாகிறது. அப்போது கிழக்கைக் கூட்ட வேண்டும். மேற்கைக் கழிக்க வேண்டும். களைப்பிலும் பதற்றத்திலும் இருப்பவள் எந்தப் பக்கம் போகிறோம் என்பதை மறந்து சூத்திரத்தை மாற்றிப் போட்டால் என்னாகும்? திருத்தமே செய்யாதவளுக்குப் பிழை 15 பாகை. தவறான பக்கம் திருத்தியவளுக்கு 30 பாகை. கிலோமீட்டருக்கு அரைக் கிலோமீட்டர் போய்விடும்! அறியாதவளைவிட அரைகுறையாக மனப்பாடம் செய்தவள் இரட்டிப்பு வழி தவறுகிறாள். மாறாக, மண்ணில் ஒரு குச்சியால் இரண்டு கோடு கீறி, "இது உண்மை வடக்கு, இது ஊசி, நான் போகவேண்டியது இப்பக்கம்" என்று பார்க்கத் தெரிந்தவளுக்குச் சூத்திரமே வேண்டியதில்லை. எங்கள் கட்சி இதுதான். வரையறையைச் சொல்லித் தாருங்கள். ஆனால் அந்த இரண்டு கோடுகளைக் கீறவும் கற்றுத் தாருங்கள்.

படத்தின் ஆண்டைப் பார்ப்பதும் இதில் அடங்கும். அதே சியாட்டில் பகுதியில் 1970-ஐ ஒட்டி அச்சான படங்களில் விலக்கம் ஏறத்தாழ 22 பாகை கிழக்கு என்று இருக்கும். அப்பாவின் பெட்டியில் கிடந்த பழைய படத்தை எடுத்துக்கொண்டு புறப்படும் பெண் அதில் உள்ள எண்ணை அப்படியே கழித்தால், இன்று ஏழு பாகை தவறுவாள்; கிலோமீட்டருக்கு 120 மீட்டர். படத்தில் உள்ள மலையும் ஆறும் பொய் சொல்லவில்லை. ஓரத்தில் உள்ள அந்த ஓர் எண் மட்டும் மூப்படைந்துவிட்டது. விமான ஓடுபாதைகளுக்குக்கூட இது நேர்கிறது. ஓடுபாதையின் தலைப்பில் எழுதும் எண் காந்தத் திசையைப் பத்தால் வகுத்துக் கிடைப்பது. சென்னை மீனம்பாக்கத்தில் பெரிய ஓடுபாதையின் ஒரு முனை 07, மறுமுனை 25. இங்கிலாந்தில் ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்தில் 05, 23 என்றிருந்த எண்களை 2009-இல் 04, 22 என்று மாற்றி எழுதினார்கள். ஓடுபாதை அசையவில்லை, ஊசி அசைந்தது.

"இப்போது எல்லார் கையிலும் கைப்பேசி உண்டே, அது வழி சொல்லிவிடுமே" என்பது இரண்டாவது வாதம். பெற்றோர் பலர் இதைத்தான் சொல்கிறார்கள். கைப்பேசியைக் குறை கூற நாங்கள் வரவில்லை. அது நல்ல கருவியே. ஆனால் அதற்குள்ளும் காந்தத்தை உணரும் ஒரு சிறு உறுப்பு இருக்கிறது என்பதையும், அதற்கும் இதே விலக்கம் உண்டு என்பதையும் எத்தனை பேர் அறிவர்? அது உண்மை வடக்கைக் காட்டுகிறதென்றால், நீங்கள் நிற்கும் இடத்தை அறிந்து, உலகக் காந்த மாதிரி என்னும் கணக்கைக் கொண்டு விலக்கத்தைத் தானே சரிசெய்துகொள்வதால்தான். அமெரிக்காவும் பிரிட்டனும் சேர்ந்து தயாரிக்கும் அந்த மாதிரி ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. 1831 ஜூன் 1-ஆம் நாள் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் கனடாவின் வடகோடியில் பூத்தியா தீபகற்பத்தில் கண்டறிந்த வட காந்த துருவம், ஆர்க்டிக் கடலைக் கடந்து இன்று சைபீரியப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. அதன் வேகம் கணக்கை மிஞ்சிவிட்டமையால் 2019-இல் காலக்கெடுவுக்கு முன்பே மாதிரியைத் திருத்த நேர்ந்தது. கைப்பேசியின் பின்னாலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து அளந்துகொண்டிருக்கிறார். அந்த யாரோ ஒருவராக நம் பள்ளிப் பெண் ஒருத்தி ஏன் இருக்கக்கூடாது? அன்றியும் மலைச்சரிவில் மின்கலம் தீர்ந்துபோனால் கைப்பேசி வெறும் கண்ணாடிதான். ஊசிக்கு மின்சாரம் வேண்டாம்.

மூன்றாவது வாதத்தை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. ஆனால் நெடுநடைக்கு அனுமதிச் சீட்டு கொடுத்தனுப்பும்போதெல்லாம் அது கையொப்பமின்றித் திரும்பி வருகிறது. பெண் பிள்ளைகள் தாமே வழி கண்டு போகவேண்டிய தேவை என்ன, யாராவது அழைத்துப் போவார்களே என்பதே அது. எங்கள் அன்னையரும் தந்தையரும் எங்கள் மேலுள்ள அன்பால்தான் அவ்வாறு எண்ணுகிறார்கள் என்பதை நன்கு அறிவோம். அவர்கள் அச்சம் பொய்யானது என்றும் சொல்லமாட்டோம். ஆனால் அழைத்துப் போகிறவர் வழி தவறினால் அதைக் கண்டுகொள்ளும் அறிவாவது அழைத்துச் செல்லப்படுகிறவளுக்கு வேண்டாமா? ஆசிரியை ஒருவர் துணையோடு, பகற்பொழுதில், பன்னிரண்டு பேர் கொண்ட குழுவாக, நிலப்படமும் திசைகாட்டியுமாக ஆறு கிலோமீட்டர் நடப்பது அஞ்சத்தக்க செயலன்று. சாரணியர் தேர்வுக்குத் திசைகாட்டியின் பதினாறு முனைகளையும் நாங்கள் தாளில் வரைகிறோம். தாளில் வரைந்த முனைகளால் இதுவரை எவரும் ஊர் போய்ச் சேர்ந்ததில்லை.

நடைக்குப் புறப்படுமுன் தோழியர் கவனிக்க வேண்டிய சிறு செய்தி ஒன்று. தே காஸ்த்ரோவுக்குப் பீரங்கி செய்ததை நமக்கு ஊக்கும் ஹேர்பின்னும் கத்தரிக்கோலும் செய்யும். கைப்பைகளின் மூடியில் காந்தம் வைத்திருக்கிறார்கள். கைப்பேசியின் ஒலிபெருக்கியிலும் காந்தம் உண்டு. திசைகாட்டியைப் பார்க்கும்போது இவற்றை எட்ட வைக்க வேண்டும். இரும்பு மேசை மேல் வைத்துப் பார்த்துவிட்டு, "ஊசி கெட்டுவிட்டது" என்று ஆய்வகத்தில் அலறுவதில் பயனில்லை. சேலத்துக் கஞ்சமலையைப் போலக் காந்தத் தன்மையுள்ள இரும்புத் தாது நிறைந்த இடங்களிலும் ஊசியை அவ்வளவாக நம்பலாகாது.

நெடுநடைக்கு அனுமதி கிடைப்பது ஒருபுறம் இருக்கட்டும். பள்ளி மைதானத்திலேயே செய்யக்கூடிய ஒன்றைத் தலைமைச் சகோதரி அவர்களிடம் விண்ணப்பமாக வைத்திருக்கிறோம். நம் நாட்டுச் சிற்பிகள் கோயில் எழுப்புமுன் திசை காண்பதற்குச் சங்கு என்னும் கோலை நட்டு நிழல் பார்த்தார்கள். அதே முறைதான். சமமான தரையில் ஒரு மீட்டர் உயரக் கோலைத் தூக்குக்குண்டு பிடித்து நேராக நட வேண்டும். காலையில் நிழலின் நுனி வரை கயிற்றை அளந்து, கோலைச் சுற்றி வட்டம் போட்டு, நுனி வட்டத்தைத் தொட்ட இடத்தில் ஆணிக்குப் பதில் மர முளை அடிக்க வேண்டும். நிழல் சுருங்கி உள்ளே போய், உச்சி கழிந்தபின் நீண்டு, வட்டத்தை மறுபக்கம் மீண்டும் தொடும். அங்கே இன்னொரு முளை. இரண்டையும் இணைத்தால் மேற்கு கிழக்கு; அதற்குச் செங்குத்தாக இழுத்தால் உண்மை வடக்கு. டிசம்பர் 21-ஐ ஒட்டிய நாள்களில் கதிரவனின் போக்கு நாளுக்கு நாள் அதிகம் மாறுவதில்லையாகையால் இம்முறைக்கு அவை மிகப் பொருத்தமானவை. அரையாண்டுத் தேர்வு முடிந்து கிறிஸ்து பிறப்பு விடுமுறைக்கு முன் வரும் நாளும் அதுவே. வடகிழக்குப் பருவ மேகம்தான் வழிவிட வேண்டும்!

அந்த வடக்குக் கோட்டைக் கயிற்றால் பத்து மீட்டர் நீட்டி, தொடங்கிய இடத்தில் திசைகாட்டியை வைத்து, ஊசி காட்டும் திசையிலும் பத்து மீட்டரில் ஒரு முளை அடிப்போம். ஒன்றரைப் பாகை விலக்கம் இருந்தால் இரண்டு முளைகளுக்கும் இடையே 26 சென்டிமீட்டர் வரும். ஒரு சாணுக்குச் சற்றே கூடுதல். எங்கள் திசைகாட்டி அத்துணை நுட்பமானதன்று. ஆகவே பத்து மாணவியர் ஒருவர் அடித்த முளையை மற்றவர் பாராமல் தனித்தனியே அடித்து, பின் சராசரி எடுப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். காலை ஒன்பதரை மணிக்குள் கோல் நட்டுவிட வேண்டும். பிற்பகல் இரண்டரை மணிக்கு மேல் நிழலை விட்டுக் கண்ணை எடுக்கக்கூடாது. பெற்றோரும் வரலாம். வருகிறவர்கள் கைப்பேசியைக் கைப்பையோடு வராந்தாவில் வைத்துவிட்டு வருமாறு கேட்டுக்கொள்கிறோம்.